எழுத்து எங்கே போனது?

1. அக்காவுக்கு வந்த பத்திரம்

ஓர் அக்காவை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்தமானில் இருக்கிறார். ஊர் ஸ்ரீ விஜயபுரம். 2024-இல் தான் அந்தப் பெயர் வந்தது. அதற்கு முன் போர்ட் பிளேர். அக்கா அபர்டீன் பஜார் பக்கம் இட்லிக் கடை நடத்துகிறார். பிறந்த ஊர் இராமநாதபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். நாற்பது வயதுக்கு மேல்தான் எழுத்துக் கற்றார். இப்போது பேருந்துப் பலகை வாசிப்பார். ரேஷன் அட்டை வாசிப்பார். பேத்தியின் பாடப் புத்தகமும் வாசிப்பார்.

ஒரு நாள் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, அப்பா நிலத்தைப் பங்கு பிரிக்கிறோம் இல்லையா? பத்திரம் எழுதுறவர் நகல் தயார் பண்ணிட்டார். கம்ப்யூட்டர்ல அனுப்புறேன். வாசிச்சுப் பாரு. சரியா இருந்தா கையெழுத்துப் போட்டு அனுப்பு."

அக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைத் தம்பி கோப்பைத் திறந்தான். அச்சும் எடுத்துக் கொடுத்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார்.

ஒரு சொல் கூடப் புரியவில்லை. முழுக்க ஆங்கில எழுத்துகள். நடுவில் அரைப்புள்ளி. அடைப்புக்குறி. மறுபடி ஆங்கில எழுத்து. எண்கள் மட்டும் தெளிவாகத் தெரிந்தன. 10. 5. 3.

அக்காவின் முகம் வாடிப்போனது.

"தம்பி, நான் படிச்சதெல்லாம் மறந்துபோச்சா? ஒண்ணுமே தெரியலையே."

"இல்லக்கா. எனக்கும் தெரியல. இது தமிழும் இல்ல, இங்கிலீசும் இல்ல. விஷயம் சரியாத்தான் இருக்கும். உங்க சொந்த அண்ணன்தானே? கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் ஸ்கேன் பண்ணி அனுப்பிடறேன்."

அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"வாசிக்கத் தெரியாத காலத்துல கைநாட்டு வெச்சேன், தம்பி. இப்ப வாசிக்காம போட மாட்டேன். எழுத்து எங்க போச்சுன்னு பாரு."

நாமும் பார்ப்போம். எழுத்து எங்கே போனது?

2. எழுத்துக்கு ஓர் எண்

கம்ப்யூட்டருக்கு அ, ஆ தெரியாது. ஏ, பி, சி-யும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். நாம் விசையைத் தட்டும்போது கம்ப்யூட்டர் அந்த எண்ணைத்தான் சேமித்து வைக்கிறது.

திரையில் காட்டும்போது எண்ணை எழுத்தாக வரைய வேண்டும். அதற்குப் படப் புத்தகம் ஒன்று வேண்டும். "இந்த எண்ணுக்கு இந்தப் படம்" என்று அதில் இருக்கும். அந்தப் படப் புத்தகத்தின் பெயர்தான் எழுத்துரு. கடைகளில் ஃபான்ட் என்று சொல்வார்கள்.

ஆகவே கோப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது இரண்டு பொருள்கள் தேவை. ஒன்று, எண்களின் வரிசை. இன்னொன்று, அந்த எண்களுக்குப் பொருத்தமான படப் புத்தகம். எண் வந்து சேர்ந்தது, படப் புத்தகம் இல்லை என்றால் எழுத்து தெரியாது. ஆனால் எழுத்து அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. அது எண்ணாக உள்ளே பத்திரமாக இருக்கிறது.

சென்னைக்கும் அந்தமானுக்கும் நடுவே 1,200 கிலோமீட்டருக்கும் மேல் கடல். கப்பலில் வந்தால் மூன்று நாள் அளவு ஆகும். 2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னையில் தொடங்கி ஸ்ரீ விஜயபுரம் வருகிறது. கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் தீவுகளுக்கும் போகிறது. அண்ணன் ஊரில் அனுப்பினால் தங்கை கைக்குக் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது.

ஆனால் கேபிள் எண்ணைத்தான் கொண்டுவருகிறது. கோப்போடு சேர்த்து அனுப்பாவிட்டால் ஃபான்ட் வராது. அது ஊரில் உள்ள கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடும்.

3. பழைய எண், புதிய எண்

"அப்படியானால் தமிழ் எழுத்து ஏன் ஆங்கிலமாகத் தெரிந்தது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி.

தொடக்கத்தில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் எண் கொடுத்தார்கள். தமிழுக்குத் தனி எண் இல்லை. ஆனால் தமிழில் கடிதம் அடிக்க வேண்டும், புத்தகம் அச்சிட வேண்டும். என்ன செய்தார்கள்? ஆங்கில எழுத்தின் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்ணுக்கு நேரே தமிழ் எழுத்தின் படத்தை வரைந்தார்கள். ஆங்கில எழுத்தின் வீட்டில் தமிழ் எழுத்து வாடகைக்குக் குடிவந்தது.

பாமினி என்ற ஃபான்ட்டைப் பாருங்கள். இலங்கைத் தமிழர்களும் தமிழ்நாட்டில் பலரும் பயன்படுத்திய ஃபான்ட் அது. அதில் "தமிழ்" என்று எழுத ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள். பிறகு ஓர் அரைப்புள்ளி. உள்ளே சேரும் எண்கள் இவை:

106, 107, 112, 111, 59.

கம்ப்யூட்டரில் பாமினி இருந்தால் திரையில் "தமிழ்" என்று வரும். பாமினி இல்லை என்றால் வாடகைக்காரர் தெரியமாட்டார். வீட்டுக்காரர்தான் வாசலுக்கு வருவார். நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் தெரியும். அக்காவின் தாளில் நடந்தது இதுதான்.

10, 5, 3 மட்டும் ஏன் சரியாகத் தெரிந்தன? பாமினியில் எண்களுக்கு வீடு மாறவில்லை. அவை தங்கள் சொந்த வீட்டிலேயே இருந்தன.

இன்னொரு சிக்கலும் வந்தது. தமிழ் ஃபான்ட் செய்தவர்கள் பலர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எண் கொடுத்தார்கள். ஒரு ஃபான்ட்டில் அடித்ததை இன்னொரு ஃபான்ட்டில் வாசிக்க முடியவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களில் கதவில் "பழைய எண்", "புதிய எண்" என்று இரண்டு எண் இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அங்கே தபால்காரர் இரண்டு எண்ணைப் பார்த்தால் போதும். இங்கே தெருவுக்குப் பத்துக் கணக்கு!

இதைச் சரிசெய்யப் பலரும் முயன்றார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. தமிழுக்குப் பொதுவான விசைப்பலகை ஒன்றை அங்கே பரிந்துரைத்தார்கள். அதுதான் தமிழ்99.

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான எண் கணக்கு ஒன்றும் வளர்ந்து வந்தது. அதன் பெயர் யூனிகோட். தமிழில் ஒருங்குறி என்கிறோம். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்தார்கள். அதில் 2944 முதல் 3071 வரை தமிழின் தெரு. இந்த முறையில் "தமிழ்" என்ற சொல்லின் எண்கள் இவை:

2980, 2990, 3007, 2996, 3021.

இது வாடகை வீடு இல்லை. சொந்த வீடு. த என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண் 2980. வேறு எந்த மொழிக்கும் அந்த எண் கிடையாது.

அந்தமான் கடைத்தெருவில் வங்காளி, இந்தி, தமிழ், தெலுங்கு எல்லாம் காதில் விழும். யூனிகோட் கணக்கிலும் இவை எல்லாம் குடியிருக்கின்றன. இந்திக்கு 2304 முதல் 2431 வரை. அதை ஒட்டி 2432 முதல் 2559 வரை வங்காளி. தமிழ்த் தெரு 3071-இல் முடிகிறது. 3072-இல் தெலுங்குத் தெரு தொடங்குகிறது. அங்கேயும் தமிழுக்குப் பக்கத்து வீடு தெலுங்குதான்!

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோட் முறையை ஏற்று ஆணை வெளியிட்டது. செல்போனில் நீங்கள் தமிழில் அனுப்பும் செய்தியும் யூனிகோட்தான். ஆனால் பழைய ஃபான்ட்டில் பழகிய கை அதைச் சுலபத்தில் விடுவதில்லை. பத்திரம் எழுதும் இடங்களிலும் அச்சகங்களிலும் பழைய ஃபான்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய கோப்புகளும் இருக்கின்றன.

4. நோயைப் பார், மருந்தைச் சொல்

காய்ச்சலுக்கும் வயிற்று வலிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கலாமா? கூடாது. எழுத்துக் கோளாறும் அப்படித்தான். முதலில் திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

நோய் ஒன்று: ஆங்கில எழுத்தாகத் தெரிகிறது.
இது பழைய ஃபான்ட் கோப்பு. உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லை. வேறு தமிழ் ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. லதா போன்ற யூனிகோட் ஃபான்ட்டைக் கொடுத்தால் ஆங்கிலமாகவேதான் இருக்கும். அதே பழைய ஃபான்ட் வேண்டும். அதன் பெயரை எப்படி அறிவது? எழுத்தின் மேல் சொடுக்கிவிட்டு, வேர்டு மென்பொருளில் மேலே உள்ள ஃபான்ட் கட்டத்தைப் பாருங்கள். ஃபான்ட் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் எதையும் மாற்றிச் சேமிக்காதீர்கள். பெயர் போய்விட்டால் தேடுவது கடினம்.

நோய் இரண்டு: கட்டம் கட்டமாகத் தெரிகிறது.
எண் சரியான யூனிகோட் எண். ஆனால் அந்த எண்ணுக்குப் படம் எந்த ஃபான்ட்டிலும் இல்லை. கையில் விலாசம் இருக்கிறது, வீடுதான் இல்லை. அதனால் கம்ப்யூட்டர் வெறும் கட்டத்தைப் போடுகிறது. ஏதாவது ஒரு யூனிகோட் தமிழ் ஃபான்ட்டை ஏற்றினால் போதும். எழுத்து வந்துவிடும். இதற்கென்றே நோட்டோ என்ற இலவச ஃபான்ட் வரிசை இருக்கிறது. வெறும் கட்டங்களுக்கு டோஃபு என்று பட்டப்பெயர். "இனி டோஃபு வேண்டாம்" என்ற பொருளில் வந்த பெயர்தான் நோட்டோ.

நோய் மூன்று: எழுத்து தெரிகிறது, கொம்பு இடம் மாறி நிற்கிறது.
"கெ" என்று இருக்க வேண்டும். ஆனால் க-வுக்குப் பின்னால் கொம்பு தனியாக நிற்கிறது. அல்லது கொம்பின் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தெரிகிறது. நாம் கொம்பை முதலில் எழுதுகிறோம். யூனிகோட் கணக்கில் க முதலில் வரும், கொம்பு பின்னால் வரும். திரையில் காட்டும்போது மென்பொருள்தான் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். பழைய மென்பொருளுக்கு அந்த வேலை தெரியாது. புதிய பதிப்பில் அதே கோப்பைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வட்டம் தெரிந்தால், தட்டச்சு செய்தவர் கொம்பை முதலில் அடித்திருக்கலாம். அந்த எழுத்தை அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும்.

நோய் நான்கு: எழுத்து சரி, பக்கம் சரியில்லை.
ஊரில் இரண்டு பக்கம் இருந்த பத்திரம் இங்கே இரண்டரைப் பக்கம் ஆகிவிட்டது. கட்டத்துக்குள் இருந்த பெயர் வெளியே வந்துவிட்டது. ஃபான்ட் மாறிவிட்டது என்று பொருள். விண்டோஸ் 2000 முதல் லதா என்ற தமிழ் ஃபான்ட் கூடவே வந்தது. விண்டோஸ் 10-இல் பொதுவாக நிர்மலா என்ற ஃபான்ட்தான் இருக்கும். லதாவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். லதாவில் அடித்த கோப்பு நிர்மலாவில் திறந்தால் எழுத்தின் அகலம் மாறும். வரி மாறும். பக்கமும் மாறும். சொல் மாறாது.

5. ஃபான்ட் ஏற்றுவது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இப்படிச் செய்யுங்கள்.

ஒன்று: ஃபான்ட் கோப்பை வாங்குங்கள். அனுப்பியவரிடமே கேட்பது நல்லது. கோப்பின் பெயர் டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். என்று முடியும். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் திறக்காதீர்கள். ஃபான்ட்டுக்கு அது தேவையில்லை. அதில் வைரஸ் இருக்கலாம்.

இரண்டு: மூட்டையாகக் கட்டி வந்திருந்தால், அதாவது ஜிப் கோப்பு என்றால், முதலில் அவிழ்த்துவிடுங்கள்.

மூன்று: ஃபான்ட் கோப்பை இருமுறை சொடுக்குங்கள். எழுத்துகளின் மாதிரி தெரியும். மேலே "இன்ஸ்டால்" என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்துங்கள்.

நான்கு: வேர்டு மென்பொருளை முழுவதும் மூடுங்கள். மறுபடி திறங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். "ஏற்றினேன், ஆனால் வரவில்லை" என்கிறார்கள்.

ஐந்து: கோப்பைத் திறந்து பாருங்கள்.

பழைய ஃபான்ட்டே கிடைக்கவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. எழுத்துரு மாற்றி என்ற மென்பொருள் இருக்கிறது. அது பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றும். 106 என்ற இடத்தில் 2980 போடும். மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், அதையும் தமிழாக மாற்றிக் குழப்பிவிடும். பத்திரம், வங்கிக் கணக்கு போன்றவற்றை இணையதளத்தில் ஒட்டி மாற்றாதீர்கள். கம்ப்யூட்டரிலேயே வேலை செய்யும் மாற்றியைப் பயன்படுத்துங்கள்.

எல்லாவற்றையும் விட எளிய வழி, அனுப்புகிறவர் கையில் இருக்கிறது. அவர் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி அனுப்பலாம். பி.டி.எஃப். கோப்பில் எழுத்தின் படமும் பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். கூடவே சோறும் குழம்பும் கட்டிக் கொடுத்த மாதிரி!

6. அக்கா வாசித்தார்

கடைத் தம்பி ஃபான்ட் கட்டத்தைப் பார்த்தான். பாமினி என்று இருந்தது. ஊரில் பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டு ஃபான்ட்டை வாங்கினான். ஏற்றினான். வேர்டை மூடித் திறந்தான்.

"அக்கா! வந்துடுச்சு! இங்க பாருங்க!"

திரை முழுவதும் தமிழ். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். அப்பா பெயர் சரி. ஊர் பெயர் சரி. மொத்த நிலம் 10 சென்ட். சரி. அண்ணன் பங்கு 5 சென்ட். சரி. தங்கை பங்கு...

அக்காவின் விரல் நின்றது.

"தம்பி, அஞ்சும் மூணும் எத்தனை?"

"எட்டு, அக்கா."

"நிலம் பத்து சென்ட். மீதி ரெண்டு எங்க?"

அக்கா அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் பதறிப்போனார்.

"அய்யோ தங்கச்சி! சரிபாதின்னுதானே பேசினோம்! வேற யாரோ பத்திரத்தைப் பார்த்து அடிச்சிருக்கார் போல. நானும் சரியா வாசிக்கல. நல்ல வேளை, நீ பார்த்த. இரு, திருத்தி அனுப்பச் சொல்றேன்."

மாலையில் திருத்திய நகல் வந்தது. இந்த முறை பி.டி.எஃப். கோப்பு. திறந்ததும் தமிழ் தெரிந்தது. அண்ணனுக்கு 5 சென்ட். தங்கைக்கு 5 சென்ட். அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இன்னொரு முறை வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அண்ணன் ஏமாற்ற நினைக்கவில்லை. கம்ப்யூட்டரும் ஏமாற்றவில்லை. ஆனால் அக்கா காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால்? இரண்டு சென்ட் நிலம் ஒரு தாளில் காணாமல் போயிருக்கும். அதைத் திரும்பப் பெற எத்தனை அலைச்சல்! நடுவில் கடல் வேறு.

நினைவில் வையுங்கள்

எழுத்து புரியவில்லை என்றால் உடனே உங்களைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு ஃபான்ட்டில் இருக்கலாம்.

கோப்பு வந்ததும் மாற்றிச் சேமிக்காதீர்கள். முதலில் ஃபான்ட் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது யூனிகோட்டில் அடித்து அனுப்புங்கள். பி.டி.எஃப். நகலும் சேர்த்து அனுப்புங்கள்.

வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். யார் சொன்னாலும் போடாதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. அக்காவின் தாளில் எண்கள் மட்டும் ஏன் சரியாகத் தெரிந்தன?
2. திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. ஃபான்ட் ஏற்றிய பிறகு வேர்டு மென்பொருளை ஏன் மூடித் திறக்க வேண்டும் என்று தம்பியிடமோ தங்கையிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
4. நீங்கள் அக்காவின் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? குழுவில் பேசுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் பெயரைச் செல்போனில் தமிழில் அடியுங்கள். வேறு ஊரில் உள்ள சொந்தக்காரருக்கு அனுப்புங்கள். அங்கே எப்படித் தெரிகிறது என்று போனில் கேளுங்கள்.

சொல்லும் பொருளும்

எழுத்துரு: எழுத்துகளின் படத் தொகுப்பு, ஃபான்ட்
ஒருங்குறி: எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான எண் கணக்கு, யூனிகோட்
கோப்பு: கம்ப்யூட்டரில் சேமித்த கடிதம் அல்லது படம்
நகல்: கையெழுத்துக்கு முன் சரிபார்க்கத் தரும் படி
சொடுக்குதல்: மவுஸ் பொத்தானை அழுத்துதல்